விதைகாத்த வித்தகர் நிக்கொலாய் வவிலோவ்

உழவர் குடியிற் பிறந்தோர் யாவரும் அறிந்த ஒழுக்கமொன்று உண்டு. மழை பொய்த்து, வயல் வெடித்து, வீட்டில் உலையேறாத நாள் வந்தபோதும், அடுத்த விதைப்புக்கென்று கட்டிவைத்த விதைநெல்லில் அவர்கள் கைவைப்பதில்லை. விதைநெல்லைக் குற்றி உண்பவன் ஒருநாட் பசியைத் தீர்த்து ஓராண்டுப் பசியைத் தேடிக்கொள்பவன் என்பதை அவர்கள் எந்த நூலிலும் படித்து அறிந்தவர்களல்லர். தலைமுறை தலைமுறையாகப் பட்ட துன்பமே அவர்களுக்கு அதனைக் கற்பித்தது.

அந்த ஒழுக்கத்தை உலக மக்கள் அனைவருக்குமாக மேற்கொண்ட பேரறிஞர் ஒருவர் ருஷ்ய நாட்டிலே வாழ்ந்தார். கண்டம் கண்டமாக அலைந்து பயிர்வித்துக்களைத் திரட்டிய அவர், ஈற்றிற் சிறைச்சாலையிலே பட்டினியால் உயிர் நீத்தார். அவர் திரட்டிவைத்த வித்துக்களைக் காத்த தோழர்களுட் பலரும் அவ்வித்துக்களின் நடுவிலேயே பசியால் மடிந்தனர். நிக்கொலாய் வவிலோவ் என்னும் அவ்வறிஞரின் வரலாற்றையும், அவர் அத்துணைப் பாடுபட்டு வித்துக்களைத் தேடிய காரணத்தையும் ஈண்டுக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

நிக்கொலாய் இவானோவிச் வவிலோவ் 1887ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25ஆம் நாள் மொஸ்கோ நகரிற் பிறந்தார். தந்தையார் குடியானவர் குடும்பமொன்றிலிருந்து நகருக்கு வந்து, தம் முயற்சியாலே துணி வணிகத்தில் உயர்ந்தவர். மைந்தரும் வணிகத்தையே மேற்கொள்ளல் வேண்டுமென அவர் விரும்பினார். நிக்கொலாயை வணிகக் கல்வி கற்பிக்கும் பாடசாலையிற் சேர்த்தார். ஆயினும் மைந்தர் இருவரும் அவ்வழியிற் செல்லவில்லை. இளையவரான சேர்கேய் பௌதிகத்தை நாடினார். மூத்தவரான நிக்கொலாய் மண்ணையும் பயிரையும் நாடினார்.

அவர் நான்கு வயதுக் குழந்தையாக இருந்த காலத்தில், 1891ஆம் ஆண்டிலும் அதனை அடுத்த ஆண்டிலும், வொல்கா நதிப் பிரதேசத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ருஷ்ய நாட்டிற் பஞ்சம் என்பது புதிய விருந்தாளியன்று. மழையும் பனியும் பிழைத்தபோதெல்லாம் அது மீண்டும் மீண்டும் வந்தது. அத்தகைய நாட்டிலே விவசாயக் கல்வியை நாடிய இளைஞன் எதனைக் கருதி நாடினான் என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

1906ஆம் ஆண்டில் மொஸ்கோ விவசாயக் கல்லூரியிற் சேர்ந்த வவிலோவ், பயிர்களை அழிக்கும் ஓடில்லா நத்தைகளைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை எழுதித் தேறினார். பின்னர் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே பயிர்த்தாவரங்களை ஆராயும் அரசாங்கப் பணிமனையில் றொபேட் றேகெல் என்பவரிடம் பயின்றார். பயிர்களின் நோயெதிர்க்கும் ஆற்றலே அவர் உள்ளத்தை முதலிற் கவர்ந்தது. ஒரே வயலில் ஒரே காற்றை உண்டு நிற்கும் இரு கோதுமைச் செடிகளுள் ஒன்று துருநோயால் அழிய, மற்றது பசுமை குன்றாது நிற்பது ஏன் என்பதே அவரைத் தொடர்ந்து வந்த வினா.

அவ்வினாவுக்கு விடைதேடி 1913ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்துக்குச் சென்றார். மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சி 35 ஆண்டுகள் ஏட்டிலே உறங்கிக்கிடந்து, 1900ஆம் ஆண்டிலேதான் உலகின் கவனத்துக்கு வந்திருந்தது. பிறப்புரிமையியல் என்னும் புதிய விஞ்ஞானத்துக்குப் பெயர் சூட்டிய வில்லியம் பேற்சனிடத்தும், கேம்பிறிட்ஜ் சர்வகலாசாலையிற் கோதுமையை ஆராய்ந்த றோலண்ட் பிஃபெனிடத்தும் வவிலோவ் மாணாக்கராக அமர்ந்தார். கோதுமையின் மஞ்சள் துருநோயை எதிர்க்கும் ஆற்றல் மெண்டலின் விதிப்படியே பெற்றாரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்கின்றது என்பதைப் பிஃபென் 1905ஆம் ஆண்டிலே காட்டியிருந்தார். 1910ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட லிட்டில் ஜொஸ் என்னும் கோதுமையின் பெற்றாருள் ஒன்று இங்கிலாந்தில் விளைவு மிகுந்த இனம். மற்றது கிர்க்கா என்னும் ருஷ்யக் கோதுமை. தம் நாட்டு வயலொன்றிற் பெயரறியாத உழவன் வளர்த்த கோதுமை, கடல் கடந்து வந்து வேறொரு நாட்டின் பயிரைக் காத்ததை வவிலோவ் அங்கே கண்ணாரக் கண்டார்.

பெற்றாரைத் தெரியும் கலை

பயிரினத்தை மேம்படுத்துவோன் செய்யும் தொழில் வெளிப்பார்வைக்கு எளிதாகத் தோன்றும். ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு செடிப் பூவின் குறியில் இடுகின்றான். விளைந்த வித்தை விதைக்கின்றான். முதற் சந்ததிச் செடிகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாஞ் சந்ததியிலே பாட்டன், பாட்டியரின் இயல்புகள் எல்லாம் பிரிந்தும் கலந்தும் பலவாறாகத் தோன்றும். அவற்றுள் வேண்டியவற்றைத் தெரிந்து, ஆண்டுதோறும் விதைத்து, வேண்டாதவற்றைக் களைந்து, ஏழெட்டுச் சந்ததிகளின் பின் நிலைபெற்றதோர் இனத்தை அடைகின்றான்.

இத்தொழிலின் வெற்றியும் தோல்வியும் முதல் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டு விடுகின்றன. எவ்விரு செடிகளைப் பெற்றாராகக் கொள்வது என்பதே அம்முதல் நாளின் வினா. பெற்றார் இருவரிடத்தும் இல்லாத நோயெதிர்ப்பைப் பிள்ளைகளிடத்தில் எத்துணைத் தேடினும் காணல் அரிது. விளைவு மிகுந்த இரு செடிகளை இணைத்தாற் போதுமெனின், அதுவும் பிழையாகலாம். அவ்விரண்டும் ஒரே மூதாதையின் வழிவந்தனவாயின், ஒன்றிடம் உள்ள குறையே மற்றதனிடமும் இருக்கும். தோற்றத்திற் சிறுத்து, விளைவிற் குன்றி, உழவன் ஒதுக்கித் தள்ளும் செடியொன்று வறட்சியைத் தாங்கும் வன்மையைத் தன்னுள்ளே மறைத்து வைத்திருத்தலும் கூடும். அத்தகைய செடியோடு நல்லினத்தை இணைக்குங்கால் அதன் குறைகளும் உடன்வரும். ஆதலின் பிறந்த பிள்ளையை மீண்டும் மீண்டும் நல்ல பெற்றாரோடு இணைத்துக் குறைகளை நீக்கி, வேண்டிய குணத்தை மாத்திரம் நிறுத்தல் வேண்டும்.

இதிலே மறைந்துநிற்கும் அபாயமும் ஒன்றுண்டு. சிறந்ததைத் தெரிந்து தெரிந்து விதைக்க, வயல் முழுவதும் ஒரே இயல்புடைய செடிகளால் நிறைகின்றது. பழைய இனங்கள் கைவிடப்பட்டு அழிகின்றன. நோய் ஒன்று வந்து ஒரு செடியை வெல்லுமாயின், அவ்வயலில் உள்ள எல்லாச் செடிகளையும் வெல்லும். 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியபோது அந்நாட்டு ஏழைகள் பெரும்பாலும் ஓரினக் கிழங்கையே நம்பியிருந்தனர். தொடர்ந்த பஞ்சத்திலும் பிணியிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இலங்கையரான நமக்கு இதன் உண்மையை உணரத் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. நமது மலைநாட்டை நிறைத்து நின்ற கோப்பிச் செடிகள் மிகச் சில செடிகளின் வழிவந்தவை. 1869ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றியது. இருபது ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்து, அதன் இடத்தில் தேயிலை எழுந்தது.

பயிரை மேம்படுத்துவோனுக்கு வேண்டிய முதற்பொருள் பலவகைப் பெற்றார் என்பதையும், அப்பலவகையும் உலகில் நாள்தோறும் குறைந்து வருகின்றது என்பதையும் வவிலோவ் தெளிவாகக் கண்டார். அவர் வாழ்வு முழுவதும் அத்தெளிவினின்று கிளைத்ததேயாகும்.

தேசாந்தர யாத்திரைகள்

முதல் உலகப் போர்க் காலத்திலே, 1916ஆம் ஆண்டில், பாரசீகத்தில் நின்ற ருஷ்யப் படையினர் அங்குள்ள மாவினாற் செய்த பாணை உண்டு மயங்கி வீழ்ந்தனர். காரணம் அறிய வவிலோவ் அனுப்பப்பட்டார். கோதுமையோடு நச்சுக்களையொன்றின் விதை கலந்திருப்பதை அவர் கண்டறிந்தார். அப்பணி முடிந்ததும் பாமீர் மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளுக்குச் சென்று, அங்குள்ள உழவரின் பயிர்களைச் சேகரித்தார்.

அம்மலைநாடுகளிலே அவர் கண்ட காட்சியொன்று சிந்தனைக்குரியது. ரை என்பது கோதுமையை ஒத்ததோர் குளிர்நாட்டுத் தானியம். தாழ்நிலத்துக் கோதுமை வயல்களில் அது வெறுங் களையாகவே முளைத்திருந்தது. மலையேற ஏறக் கோதுமை தளர்ந்தது, களை தழைத்தது. இன்னும் உயரத்திற் களையே பயிராகி நின்றது. அதனையே உழவர் அறுத்து உண்டனர். கடுங்குளிரிற் கோதுமை தோற்ற இடத்திற் களை வென்றது என்பதே இதன் பொருள். வேண்டாததென்று பிடுங்கி எறியப்பட்ட செடி காலமும் இடமும் மாறியபோது ஒரு சமுதாயத்தின் உணவாயிற்று. எந்தச் செடியையும் பயனற்றதெனத் தள்ளலாகாது என்னும் பாடத்தை வவிலோவ் இயற்கையிடமே கற்றார்.

1917ஆம் ஆண்டிற் சராத்தோவ் நகரிலே பேராசிரியரானார். அங்கு 1920ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கூடிய பயிர்விருத்தியாளர் மகாநாட்டில், ஒத்த வரிசை விதி எனப்படும் தம் கொள்கையை வெளியிட்டார். நெருங்கிய உறவுடைய தாவர இனங்களில் வேறுபாடுகளும் ஒத்த முறையிலேயே தோன்றும் என்பது அவ்விதி. கோதுமையில் மீசையுள்ள கதிரும் மீசையற்ற கதிரும், வெள்ளை மணியும் செம்மணியும் உளவாயின், அதன் உறவான ரையிலும் வாற்கோதுமையிலும் அவ்வகைகளை எதிர்பார்த்துத் தேடலாம். மூலகங்களின் ஆவர்த்தன அட்டவணையில் வெற்றிடங்களைக் கண்டு, இன்னும் காணாத மூலகங்களை மென்டலீவ் முன்னுரைத்தது போலவே இதுவும் என அறிஞர் பாராட்டினர். பெற்றாரைத் தேடிச் செல்வோனுக்கு எங்கே எதனைத் தேடலாம் என்று காட்டும் வழிகாட்டியாக இவ்விதி அமைந்தது.

அடுத்த ஆண்டில் அவர் பெத்ரோகிராட் நகருக்குச் சென்று, தாம் முன்பு பயின்ற பணிமனையின் தலைமையை ஏற்றார். உள்நாட்டுப் போரும் பஞ்சமும் அந்நகரை உருக்குலைத்திருந்தன. அந்நிலையிலிருந்து அவர் வளர்த்தெடுத்த நிறுவனம் சில ஆண்டுகளிலே நாடெங்கும் பரிசோதனைப் பண்ணைகளை உடையதாகி, உலகின் முதன்மையான வித்துக்களஞ்சியமாக உயர்ந்தது.

1924ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்திற்குப் புறப்பட்டார். குதிரைகளோடு இந்துகுஷ் மலைக்கணவாய்களைக் கடந்து, ஐரோப்பியர் காலடி அரிதாகவே பட்ட பள்ளத்தாக்குகளிலும் புகுந்து, ஆயிரக்கணக்கான வித்து மாதிரிகளோடு திரும்பினார். 1926ஆம் ஆண்டிலும் 1927ஆம் ஆண்டிலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளையும் அபிசீனியாவையும் சுற்றினார். வழியிற் சிரியாவில் மலேரியாக் காய்ச்சல் அவரை வருத்தியது. 1929ஆம் ஆண்டிற் சீனத் துருக்கிஸ்தானம், ஜப்பான், கொரியா, தைவான் ஆகிய இடங்களுக்கும், 1930ஆம் ஆண்டில் மெக்சிக்கோவுக்கும் மத்திய அமெரிக்காவுக்கும், 1932ஆம் ஆண்டிற் புறப்பட்டுத் தென்னமெரிக்க நாடுகளுக்கும் சென்றார்.

எங்கு சென்றாலும் ஊர்ச் சந்தையே அவர் முதலிற் காணும் இடம். பின்னர் வயல்களுக்குச் சென்று உழவரோடு அவர்தம் மொழியிலேயே பேச முயல்வார். பல மொழிகளைக் கற்றிருந்தார். நாளொன்றுக்கு நான்கைந்து மணித்தியாலங்களே உறங்குவார் என்றும், உடன்சென்றோர் அவர் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாது தளர்வர் என்றும் அவரை அறிந்தோர் எழுதிவைத்துள்ளனர்.

பயிர்களின் பிறந்தகம்

இத்துணைப் பயணங்களும் திக்கற்ற அலைச்சலல்ல. ஒரு பயிரின் வகைகள் உலகெங்கும் ஒரே அளவிற் பரந்திருப்பதில்லை என்பதை வவிலோவ் கண்டார். ஓரிடத்தில் நூறு வகை உண்டு. வேறோரிடத்தில் இரண்டோ மூன்றோதான் உண்டு. வகைகள் செறிந்த இடமே அப்பயிரை மனிதன் முதன்முதற் பழக்கிய பிறந்தகமாதல் வேண்டும் என அவர் கருதினார். 1926ஆம் ஆண்டில் வெளியான பயிர்களின் தோற்ற நிலையங்கள் பற்றிய நூல் அவருக்கு லெனின் பரிசைப் பெற்றுத்தந்தது. முதலில் ஐந்தாகக் கூறிய நிலையங்களைப் பின்னர் எட்டாக விரித்தார். அவை பெரும்பாலும் மலைநாடுகளாக இருந்தன. மலைக்கு மலை காலநிலையும் மண்ணும் வேறுபட, பயிரும் பலவகையாகப் பிரிந்தது. நெல், கத்தரி, மா முதலியவற்றின் பிறந்தகமாக இந்தியாவை அவர் கணித்தார்.

இன்றைய ஆராய்ச்சி அவர் கூற்றுக்கள் அனைத்தையும் அவ்வாறே ஏற்கவில்லை. வகைகள் செறிந்த இடமெல்லாம் பிறந்தகமாதல் இல்லை. கோதுமை வகைகள் மலிந்த அபிசீனியாவுக்குக் கோதுமை மேற்காசியாவிலிருந்தே சென்றது என இப்போது அறிகிறோம். ஆயினும் பெற்றாரை எங்கே தேடுவது என்னும் வினாவுக்கு அவர் வரைந்த படம் இன்றும் பயன்படுகின்றது. 1929ஆம் ஆண்டில் அல்மா ஆத்தா நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிற் காட்டு அப்பிள் மரங்கள் வனமாக நிற்கக் கண்டு, அப்பிளின் பிறந்தகம் அதுவே என அவர் உணர்ந்தார். பல பதிற்றாண்டுகளின் பின் பரம்பரையலகு ஆராய்ச்சி அதனை உறுதிசெய்தது. அவருடைய தோழர்கள் மெக்சிக்கோவுக்கும் அண்டெஸ் மலைநாடுகளுக்கும் சென்று, ஐரோப்பியர் அதுவரை அறியாத உருளைக்கிழங்கு இனங்கள் பலவற்றைக் கொணர்ந்தனர். அயர்லாந்தை அழித்த கருகல் நோயை எதிர்க்கும் காட்டினம் மெக்சிக்கோவில் உண்டு. ஒரு பயிரின் நோய்க்கு மருந்து அப்பயிரின் பிறந்தகத்திலேயே கிடைக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வித்தைக் கொணர்தல் ஒருபாதி வேலையே. பெட்டியில் இட்ட வித்து என்றும் உயிரோடிராது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை விதைத்துப் புதுவித்து எடுத்தல் வேண்டும். குளிர்நாட்டு வித்தைக் குளிர்நிலத்திலும் வெப்பநாட்டு வித்தை வெப்பநிலத்திலும் விதைத்தல் வேண்டும். அயல் மகரந்தம் கலவாவாறு காத்தல் வேண்டும். ஓரினத்திற் சில செடிகளை மாத்திரம் வளர்த்தால், மற்றவற்றில் இருந்த இயல்புகள் தற்செயலாகவே மறைந்துபோம். ஆதலிற் போதிய தொகையாக வளர்த்தல் வேண்டும். இவை அனைத்தையும் வவிலோவின் நிறுவனம் ஆண்டுதோறும் செய்தது. 1940ஆம் ஆண்டளவில் அங்கிருந்த மாதிரிகள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம்.

அவசரமும் அறிவும்

பயிர் தன் காலத்திலேயே விளையும். அரசியலுக்கு அவ்வளவு பொறுமை இருப்பதில்லை. கூட்டுப்பண்ணைத் திட்டத்தினால் ருஷ்யாவின் விவசாயம் சீர்குலைந்திருந்தது. புதிய இனமொன்றை ஆக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லும் என விஞ்ஞானிகள் கூற, நான்கைந்து ஆண்டுகளில் ஆக்கித்தரல் வேண்டுமென 1931ஆம் ஆண்டில் அரசு கட்டளையிட்டது. 1932ஆம், 1933ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. அதற்குப் பொறுப்பாளி ஒருவனைத் தேடும் மனநிலை எங்கும் பரவியது.

அக்காலத்தில் உயர்ந்தவர் துரோபிம் லைசென்கோ. உக்ரெயின் நாட்டுக் குடியானவர் குடும்பத்தில் 1898ஆம் ஆண்டிற் பிறந்தவர். முளைகட்டிய கோதுமை வித்தைக் குளிரில் வைத்து விதைத்தால் விரைவிற் கதிர்விடும் என்று காட்டிப் பெயர்பெற்றார். அம்முயற்சிக்கு முதலில் ஊக்கமளித்தவர்களுள் வவிலோவும் ஒருவர் என்பது இவ்வரலாற்றின் கொடிய முரண். பெருந்தன்மையால் நிகழ்ந்த அப்பிழைக்கு அவர் பெருவிலை கொடுத்தார்.

லைசென்கோ நாளடைவில் மெண்டலின் விதிகளையும் பரம்பரையலகையுமே மறுத்தார். சூழலை மாற்றினாற் பயிரின் பரம்பரையையும் விரும்பியவாறு மாற்றலாம் என்றார். அவ்வாறாயின் பெற்றாரைத் தேடி உலகெங்கும் அலைவது எற்றுக்கு? பல்லாயிரம் வித்துக்களைப் பேணுவது எற்றுக்கு? வவிலோவின் களஞ்சியம் பொதுப்பணத்தை விழுங்கும் வீண்சுமையாகக் காட்டப்பட்டது. விரைவான விளைவை வாக்களித்த லைசென்கோவின் பக்கம் ஸ்டாலினின் ஆதரவு சாய்ந்தது.

1935ஆம் ஆண்டில் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் தலைமைப் பதவியிலிருந்து வவிலோவ் நீக்கப்பட்டார். 1937ஆம் ஆண்டில் மொஸ்கோவிற் கூடவிருந்த அனைத்துலகப் பிறப்புரிமையியல் மகாநாடு கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டில் லைசென்கோவே கழகத்தின் தலைவராகி, வவிலோவின் மேலதிகாரியானார். 1939ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் கூடிய அம்மகாநாடு வவிலோவைத் தன் தலைவராகத் தெரிந்திருந்தது. அங்கு செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தலைமை ஆசனம் அவருக்கு எட்டாததாயிற்று. தம் கொள்கையைக் கைவிட்டுப் பணிந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருத்தல் கூடும். அவர் அவ்வாறு செய்யவில்லை. கூட்டங்களில் ஏளனத்துக்கு ஆளானபோதும், தாம் கண்ட உண்மையைத் தெளிவாகவே எடுத்துரைத்தார்.

சிறையும் மறைவும்

1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆம் நாள், உக்ரெயினின் மேற்கெல்லையிற் செர்னோவ்சி நகருக்கு அண்மையிற் பயிர் சேகரித்துக்கொண்டிருந்தபோது அவர் கைதுசெய்யப்பட்டார். அன்று அவர் சேர்த்த செடிகளுள் அம்மலைப்புறத்தில் எஞ்சியிருந்த பழைய கோதுமை இனமொன்றும் இருந்ததைத் தோழர் ஒருவர் பின்னர் அவருடைய பையிற் கண்டெடுத்தார். அதுவே அவர் தேடிய கடைசி வித்து.

நாசவேலை செய்தார் என்றும் ஒற்றர் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டுப் பல மாதங்கள் கொடுமையாக விசாரிக்கப்பட்டார். 1941ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் நாள் மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஜேர்மன் படைகள் மொஸ்கோவை நெருங்கியதும் சராத்தோவ் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இளம் பேராசிரியராக நின்று தம் விதியை உலகுக்குச் சொல்லிய அதே நகரில், நிலவறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தபோது உலக விவசாய வரலாறு பற்றி எழுதினார் என்பர், அவ்வேடு கிடைக்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குப் பயிர்களைப் பற்றி விரிவுரைகளும் நிகழ்த்தினார்.

1942ஆம் ஆண்டில் மரணதண்டனை இருபதாண்டுச் சிறைவாசமாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் றோயல் கழகம் அவரைத் தன் வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிந்தது. அப்பெருமை பெற்றவர் பட்டினியால் எலும்புந் தோலுமாய்ச் சிறையிற் கிடந்தார். அவர் மனைவியாராகிய எலேனா பருலினா, அவரைப் போலவே பயிராராய்ச்சியாளர். போரினால் இடம்பெயர்ந்து, இளம் மகனோடு அவ்வம்மையார் சராத்தோவ் நகரிலேயே வாழ்ந்தார். கணவர் மொஸ்கோவில் உள்ளார் என எண்ணி உணவுப் பொதிகளை அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் அதே நகரிற் பசியாற் செத்துக்கொண்டிருந்ததை அறியார். 1943ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் நாள் வவிலோவ் சிறை வைத்தியசாலையில் உயிர் நீத்தார். வயது 55. பொதுக்குழியிற் புதைக்கப்பட்டார்.

பசியின் நடுவே காவல்

தலைவரை இழந்த நிறுவனத்துக்கு வந்த சோதனை இன்னும் பெரிது. 1941ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 8ஆம் நாள் ஜேர்மன் படைகள் லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டன. முற்றுகை 1944ஆம் ஆண்டு ஜனவரி வரை நீடித்தது. முதற் குளிர்காலத்திற் பலருக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது 125 கிராம் பாண். அதுவும் மாவோடு வேறு பொருள்கள் கலந்தது. வீதிகளில் மக்கள் வீழ்ந்து மடிந்தனர்.

அந்நகரின் நடுவே நின்ற வவிலோவின் களஞ்சியத்திலே நெல்லும், கோதுமையும், நிலக்கடலையும், அவரையும் தொன் கணக்கில் இருந்தன. காவல் நின்றோர் அவற்றை உண்ணவில்லை. உறைபனியில் நடுங்கியவாறு எலிகளை விரட்டினர். தனியே ஒருவர் அறையினுட் செல்லலாகாதென விதிவகுத்தனர். உருளைக்கிழங்குகளைக் குளிரினின்று காக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்தனர். நெல் ஆராய்ச்சியாளரான திமித்திரி இவானோவ் ஆயிரக்கணக்கான நெற்பொதிகளின் காவலராக இருந்து பசியால் மாண்டார். நிலக்கடலையை ஆராய்ந்த அலெக்சாந்தர் ஷூக்கின் தம் மேசையிலேயே உயிர்விட்டார். ஓட்ஸ் தானியத்தை ஆராய்ந்த றோதினாவும் இன்னும் பலரும் அவ்வாறே மடிந்தனர். அவர்களுட் பலர் தம் தலைவர் எங்குள்ளார், உயிரோடுள்ளாரா என்பதைக்கூட அறியாதவர்கள். அவரிடம் கற்ற ஒழுக்கம் மாத்திரம் அவர்களோடிருந்தது.

எஞ்சிய செல்வம்

1955ஆம் ஆண்டில், வவிலோவ் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டது. லைசென்கோவின் செல்வாக்கு 1960களின் நடுவிலேதான் வீழ்ந்தது. 1967ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துக்கு வவிலோவின் பெயர் சூட்டப்பட்டது. இதற்கிடையே வித்துக்கள் தம் விடையைத் தாமே கூறத்தொடங்கியிருந்தன. 1950களில் லுக்கியானென்கோ என்பவர் ஆக்கிய பெஸொஸ்தாயா என்னும் கோதுமை பல நாடுகளிற் பல இலட்சம் ஏக்கரிற் பரவியது. அதன் மூதாதையருள் ஆர்ஜென்தீனாவின் கோதுமையும் ஒன்று. தூரதேசத்துப் பெற்றாரைத் தேடுக என்று வவிலோவ் வற்புறுத்தியதன் பயனை அவ்வினம் வயலிலே காட்டியது.

அவர் எச்சரித்த அபாயமும் மறையவில்லை. 1970ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சோளப் பயிரில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கை இலைக்கருகல் நோய் அழித்தது. அங்கு விதைக்கப்பட்ட கலப்பினங்களிற் பெரும்பாலானவை ஒரே தாய்வழியில் வந்தமையே காரணம். மறுபுறத்தில் நம் நாட்டு வயலொன்றின் கதையும் உண்டு. ரத்து ஹீனட்டி என்னும் செந்நெல் இலங்கையின் பழைய இனம். கபிலநிறத் தத்திப் பூச்சி ஆசியாவின் புதிய நெல்லினங்களை அழித்தபோது, அதனை எதிர்க்கும் பரம்பரையலகு அச்செந்நெல்லிற் காணப்பட்டது. பிறநாட்டு ஆராய்ச்சியாளரும் அதனைப் பெற்றாராகக் கொண்டனர். அதனை விதைத்து வந்த உழவர்கள் புதுமை விருப்பால் முற்றாகக் கைவிட்டிருப்பின், அக்குணம் உலகுக்கு இல்லாதே போயிருக்கும்.

இன்று வட துருவத்துக்கு அண்மையிலுள்ள ஸ்வால்பார்ட் தீவிலே 2008ஆம் ஆண்டு முதல் உலக நாடுகளின் வித்துக்கள் மலையுட் பேணப்படுகின்றன. நமது கன்னொறுவையிலும் பயிர்களின் பிறப்புரிமை வளங்களைக் காக்கும் அரசாங்க நிலையம் உண்டு. அத்தகைய நிலையங்களுக்கெல்லாம் முன்னோடியாக நிற்பது வவிலோவின் களஞ்சியம். எந்தக் குணம் எந்த நூற்றாண்டில் வேண்டப்படும் என்பதை எவரும் முன்னறிய இயலாது. ஆதலின் அனைத்தையும் காத்தல் வேண்டும் என்பதே அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

நம் பாட்டன்மார் விதைநெல்லைக் கட்டிவைத்தபோது, அதனை உண்ணப்போகும் பிள்ளைகளின் முகத்தையேனும் அறிந்திருந்தனர். லெனின்கிராட்டின் உறைபனியிற் காவலிருந்து மாண்டோர், தாம் என்றும் காணாத மக்களுக்காக, இன்னும் பிறவாத பிள்ளைகளுக்காக அவ்வித்துக்களைக் காத்தனர். நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் யாரோ ஒருவர் உண்ணாது காத்த வித்தொன்று உண்டு என்பதை நம் மாணாக்கர் அறிதல் நன்று.